நமீபியாவில் நாமே வண்டி ஓட்டிச் சுற்றுவது: பெங்களூருவிலிருந்து கிளம்புகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூருவிலிருந்து ஆப்பிரிக்காவின் தென்மேற்கு மூலைக்குப் போய், வண்டியை வாடகைக்கு எடுத்து, டிரைவர் இல்லாமல் குடும்பத்தோடு சுற்ற நினைக்கிறவர்களுக்காக இந்தப் பக்கம். ஹோட்டல், பார்க்க வேண்டிய இடங்கள் பற்றி இங்கே அதிகம் இல்லை. ரோடு, வண்டி, டயர், இன்சூரன்ஸ் பற்றித்தான் பேச்சு.

சில்க் போர்டு டிராஃபிக்கில் பதினைந்து வருஷம் ஓட்டியாயிற்று. ஆளே இல்லாத ரோட்டில் ஓட்டுவதில் என்ன கஷ்டம்?

ஆளே இல்லாததுதான் கஷ்டம். நம் ஊரில் ஆபத்து வெளியிலிருந்து வரும்: குறுக்கே பாயும் ஸ்கூட்டர், திடீரென்று நிற்கும் பஸ். அதற்கு நம் கண்ணும் காலும் நன்றாகப் பழகியிருக்கின்றன. நமீபியா தமிழ்நாட்டைப் போல ஆறு மடங்குக்கும் மேல் பெரியது. 2023 கணக்கெடுப்பின்படி அங்கே இருப்பவர்கள் சுமார் 30 லட்சம் பேர். சரளை ரோட்டில் அரை மணி நேரம் எதிரே ஒரு வண்டிகூட வராமல் போகும். ரோடு அகலமாக, நேராக, பார்க்க வழவழவென்று இருக்கும். தெரியாமலே ஸ்பீடாமீட்டர் 110ஐத் தொட்டிருக்கும். அங்கே வெளியூர்க்காரர்களின் வண்டி கவிழ்வது பெரும்பாலும் இப்படித்தான். வேறு வண்டி எதுவும் சம்பந்தப்பட்டிருக்காது.

நமக்குச் சாதகமான விஷயம், அங்கேயும் இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங்கும் வலதுபக்கம்தான். புதிதாகப் பழக வேண்டியது சரளையை மட்டும்தான்.

லைசென்ஸுக்கு என்ன செய்ய வேண்டும்?

இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் எடுத்துக்கொள்ளுங்கள். பரிவாஹன் தளத்தின் சாரதி பகுதியில் படிவம் 4ஏ வழியாக விண்ணப்பிக்கலாம். கட்டணம் 1,000 ரூபாய். ஒரு வருஷம், அல்லது உங்கள் லைசென்ஸ் முடியும் நாள், இதில் எது முன்னால் வருகிறதோ அதுவரை செல்லும். பாஸ்போர்ட் நகல் கேட்பார்கள். வேறு என்ன ஆவணம் வேண்டும் என்று தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெங்களூருத் தமிழர்கள் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. வேலூரிலோ சேலத்திலோ எடுத்த லைசென்ஸ், வீடு கே.ஆர்.புரத்தில் என்றால், முகவரி மாற்றத்தை முதலில் முடிக்க வேண்டும், அல்லது லைசென்ஸ் கொடுத்த ஊரிலேயே விண்ணப்பிக்கப் போக வேண்டும். இரண்டுக்கும் நாள் பிடிக்கும். பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். பெர்மிட்டோடு அசல் லைசென்ஸ் கார்டும் கையில் இருக்க வேண்டும். டிஜிலாக்கரில் இருப்பதை அங்கே யாரும் ஏற்க மாட்டார்கள். ஓட்டப்போகும் இருவர் பெயரையும் வாடகை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். பெயர் இல்லாதவர் ஓட்டி ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கிடைக்காது.

டெபாசிட்டை, ஓட்டுகிறவர் பெயரில் உள்ள கிரெடிட் கார்டில்தான் பிடித்து வைப்பார்கள். டெபிட் கார்டையும் ஃபாரெக்ஸ் கார்டையும் பல கம்பெனிகள் ஏற்பதில்லை. கிளம்புமுன் பேங்க் ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் செய்து, லிமிட்டையும் பாருங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி தேவையா?

எந்த வழியாகப் பறக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எத்தியோப்பியாவும் கென்யாவும் மஞ்சள் காய்ச்சல் நாடுகள். அடிஸ் அபாபாவிலோ நைரோபியிலோ ஏர்போர்ட்டை விட்டு வெளியே வந்தால், இந்தியா திரும்பும்போது சான்றிதழ் கேட்பார்கள். ஃபிளைட் தவறி ஓர் இரவு ஊருக்குள் தங்க நேர்ந்தாலும் இதே கதிதான். அதனால் அந்த வழியாகப் போகிறவர்கள் ஊசி போட்டுக்கொள்வது நல்லது. குறைந்தது பத்து நாள் முன்பு, அரசு அங்கீகரித்த மையத்தில் போட வேண்டும். ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும்.

எந்த வண்டி எடுப்பது? சாதாரண கார் போதாதா?

தலைநகர் விண்ட்ஹூக், கடலோர ஊர் ஸ்வாகோப்முண்ட், எட்டோஷா வனவிலங்குப் பூங்கா மட்டும் என்றால் கார் போதும். சோசஸ்வ்லேய் மணல்மேடுகளும் டி என்ற எழுத்துள்ள குறுகலான சரளை ரோடுகளும் பட்டியலில் இருந்தால் ஃபோர் வீல் டிரைவ் எடுங்கள். அங்கே அதிகம் ஓடுவது ஹைலக்ஸ் மாதிரி டபுள் கேப் பிக்கப். உயரம் இருப்பதால் அடி தட்டாது. பெரிய டயர் கல்லைத் தாங்கும். ஆனால் மேலே கூடாரம் கட்டிய வண்டியின் பாரம் உச்சியில் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. இன்னோவாவைத் திருப்பும் கையோடு அதைத் திருப்பினால் சாயும்.

வாடகை வண்டியைக் கையில் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ராத்திரி முழுக்க ஃபிளைட்டில் வந்த களைப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு.

முதலில் ஸ்டெப்னி. இரண்டு கேளுங்கள், ஒன்று பின்னால், இன்னொன்று வண்டிக்கு அடியில் சங்கிலியில் தொங்கும். அடியில் இருப்பதை இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். அதற்கென்று ஒரு நீளக் கம்பி உண்டு, பம்பரில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாக விட்டுச் சுழற்ற வேண்டும். கம்பி சீட்டுக்குப் பின்னால் இருக்கிறதா, ஓட்டை மண்ணடைத்துக் கிடக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். அடுத்து ஜாக்கி, வீல் ஸ்பேனர். ஸ்பேனர் அந்த வண்டியின் நட்டில் பொருந்துகிறதா என்று ஒரு நட்டையாவது தளர்த்திப் பாருங்கள். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு அடிக்கு ஒரு அடி பலகை, மண்வெட்டி, காற்றடிக்கும் கம்ப்ரஸர், காற்று அளக்கும் கேஜ் எல்லாம் இருக்க வேண்டும். கேஜைப் பெங்களூரு ஜே.சி. ரோட்டில் வாங்கி செக்-இன் லக்கேஜில் கொண்டுபோகலாம்.

டயர் ஒவ்வொன்றின் பக்கச்சுவரையும் விரலால் தடவிப் பாருங்கள். வெட்டோ வீக்கமோ இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். கண்ணாடியில் இருக்கும் சின்னச் சின்னக் கல்லடிகளை எல்லாம் போட்டோ எடுங்கள். கடைசியாக, டூ ஹையிலிருந்து (பின் டயர் இரண்டுக்கு மட்டும் இன்ஜின் விசை) ஃபோர் ஹை (நான்கு டயருக்கும்), ஃபோர் லோ (நான்குக்கும், மெதுவான கியரில்) என்று மாற்றி அங்கேயே பத்து மீட்டர் ஓட்டுங்கள். மாற்றும் முறை வண்டிக்கு வண்டி வேறு.

இன்சூரன்ஸில் ஃபுல் கவர் எடுத்துவிட்டால் கவலையில்லைதானே?

இல்லை. பெயர்தான் ஃபுல் கவர். எது சேராது என்ற பட்டியலைப் படிக்க வேண்டும். பல ஒப்பந்தங்களில் சேராதவை: வேறு வண்டி மோதாமல் தானாகக் கவிழ்வது, தண்ணீருக்குள் இறங்கியதால் வந்த சேதம், வண்டியின் அடிப்பாகம், அனுமதிக்காத ரோட்டில் போனது, இருட்டிய பின் ஊருக்கு வெளியே ஓட்டியது. டயரும் கண்ணாடியும் தனிக் கட்டணம் கட்டினால்தான் சேரும். அந்தக் கட்டணத்தைத் தயங்காமல் கட்டுங்கள், உடைய அதிக வாய்ப்புள்ளவை அந்த இரண்டும்தான்.

பல வண்டிகளில் வேகத்தைப் பதிவு செய்யும் கருவி இருக்கும். சரளையில் 80ஐத் தாண்டினால் பீப் சத்தம் போடும். விபத்து நடந்தால் முதலில் எடுத்துப் பார்ப்பது அந்தப் பதிவைத்தான். சரளையில் சட்டப்படி 100 வரை போகலாம் என்ற வாதம் எடுபடாது. ஒப்பந்தத்தில் 80 என்றால் 80.

பி, சி, டி என்று ரோட்டுக்கு எழுத்து இருக்கிறதே, என்ன அர்த்தம்?

பி என்றால் தார், வேக வரம்பு 120. சி பெரும்பாலும் நல்ல சரளை, சில இடங்களில் தார். டி என்றால் குறுகலான சரளை, சில சமயம் மணல். ஊருக்குள் 60. டி ரோடுகளில் பண்ணை கேட்டுகள் குறுக்கே வரும்: மூடியிருந்தால் திறந்து, கடந்து, மறுபடி மூடுங்கள், திறந்திருந்தால் அப்படியே விடுங்கள்.

வடமேற்கில் வான் ஸைல்ஸ் பாஸ் என்ற இறக்கம் கிழக்கிலிருந்து மேற்காக மட்டுமே போகும் பாறை வழி. முதல் பயணத்தில் அந்தப் பக்கமே வேண்டாம். டி1275இல் இருக்கும் ஸ்ப்ரீட்ஸ்ஹூக்டெ பாஸ் நல்ல செங்குத்து, ஆனால் திம்பத்திலும் கொல்லிமலையிலும் ஓட்டியவர்களுக்குச் சிரமம் இல்லை. கியரைக் குறைத்து இறங்குங்கள், பிரேக்கில் காலை ஊன்றியபடி இறங்காதீர்கள்.

சரளையில் எப்படி ஓட்டுவது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ரோட்டின் மேல் குறுக்குவாட்டில் சின்னச் சின்ன வரிகள் இருக்கும், கோரைப்பாயை விரித்தது போல. 40இல் போனால் பல் ஆடும் அளவுக்குக் குலுங்கும். வேகத்தைக் கூட்டக் கூட்ட, 70, 80 வாக்கில் குலுங்கல் குறைந்து வழுக்கிக்கொண்டு போவது போல இருக்கும். ரோடு நன்றாகிவிட்டது என்று மனம் நினைக்கும். உண்மையில் டயர் வரிகளின் உச்சியை மட்டும் தொட்டுத் தாவிக்கொண்டிருக்கிறது; குலுங்கல் நிற்கிற வேகத்தில் பிடிமானமும் பாதி போயிருக்கும். அந்த நிலையில் வளைவு வந்தால் வண்டி நேராகத்தான் போகும்.

ஃபோர் ஹையில் போட்டுக்கொள்ளுங்கள். இன்ஜின் விசை நான்கு டயருக்கும் பிரிவதால் பின்பக்கம் அலைவது குறையும். தார் வந்ததும் டூ ஹைக்கு மாற்ற வேண்டும். இந்த வகை வண்டிகள் பலவற்றில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. பிடிமானமுள்ள தாரில் ஃபோர் ஹையில் திரும்பினால் முன்னும் பின்னும் ஒன்றை ஒன்று இழுத்து கியர்பெட்டியை முறுக்கும்.

நேரான இடத்தில் வேகம் 70லிருந்து 80, அதற்கு மேல் வேண்டாம். பிரேக்கை வளைவுக்கு முன்னால், வண்டி நேராக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். ஏபிஎஸ் இருப்பதால் தைரியமாக இருக்க வேண்டாம்: உதிரிக் கல்லில் ஏபிஎஸ் வண்டி நிற்க, தாரைவிட வெகு தூரம் எடுக்கும்.

வண்டிகள் ஓடி ஓடி ரோட்டில் தடம் விழுந்திருக்கும். தடங்களுக்கு நடுவே தளர்ந்த கல் மேடாகக் குவிந்திருக்கும். எல்லோரும் நடுத்தடத்தில்தான் ஓட்டுவார்கள், தவறில்லை. ஆனால் ரோடே மேடேறும்போது, மறுபக்கம் தெரியாத இடத்துக்கு நூறு மீட்டர் முன்பே இடதுபக்கம் வந்துவிட வேண்டும். அப்படி மாறும்போது கல்வரப்பைத் தாண்டியாக வேண்டும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, மெல்ல, நீளச் சாய்வாகத் தாண்டுங்கள்.

வண்டி எப்படிக் கவிழ்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். இடது டயர்கள் ஓரத்துத் தளர்ந்த கல்லில் இறங்குகின்றன. ஸ்டியரிங் இடப்பக்கம் இழுக்கிறது. ஓட்டுகிறவர் பதறி வலப்பக்கம் வெடுக்கென்று ஒடிக்கிறார். பின்பக்கம் இடப்பக்கமாக வழுக்குகிறது. அதைச் சரிசெய்ய இடப்பக்கம் இன்னும் வேகமாக ஒடிக்கிறார். இரண்டாவது ஒடிப்பில் பக்கவாட்டாகப் போகும் டயர் கல்லுக்குள் புதைந்து தடுக்கி, மேலே பாரம் உள்ள வண்டி உருள்கிறது. மூன்று விநாடிகூட ஆகாது. அதனால் டயர் ஓரத்தில் இறங்கினால் பிரேக்கைத் தொடாதீர்கள், காலை மட்டும் எடுங்கள். ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்து, போகிற திசையிலேயே வேகம் குறையவிட்டு, 30, 40க்கு வந்த பிறகு ரோட்டுக்கு ஏறுங்கள். பள்ளத்து ஓரம் புதரில் போய் நின்றாலும் பரவாயில்லை, நிமிர்ந்து நிற்கும்.

எதிரே வண்டி வந்தால் 50க்குக் குறைத்து இடப்பக்கம் ஒதுங்குங்கள். அதன் பின்னால் வரும் புழுதியில் சில விநாடி எதுவும் தெரியாது. பகலிலும் ஹெட்லைட் எரியட்டும். புழுதி உள்ளே புகாமல் இருக்க, ஜன்னலை மூடி பிளோவரை வெளிக்காற்றில் வையுங்கள். உள்ளே காற்றழுத்தம் கூடுவதால் இடுக்குகள் வழியே புழுதி வராது. எதிர் வண்டி கடக்கும் நேரம் மட்டும் உள்சுற்றுக்கு மாற்றினால் போதும்.

டயரில் எவ்வளவு காற்று?

வாடகைக் கம்பெனி உங்கள் வண்டிக்குச் சொல்லும் அளவை எழுதி வாங்குங்கள். பொதுவாகத் தாரில் 32லிருந்து 36 பிஎஸ்ஐ, சரளையில் 26லிருந்து 29, ஆழ்மணலில் 15லிருந்து 18. காற்று குறைந்தால் டயர் கூர்கல்லின் மேல் வளைந்து கொடுக்கும், கிழியாது. ஆனால் குறைந்த காற்றோடு வேகமாகப் போனால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். மணலை விட்டு வெளியே வந்தவுடன் மறுபடி அடித்துவிட்டுத்தான் நகர வேண்டும்.

காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து பாருங்கள். மதியம் நாலைந்து பிஎஸ்ஐ கூடியிருக்கும். அது சூட்டினால், இறக்கிவிடாதீர்கள்.

பஞ்சர் ஆனால்?

ஆகும் என்று வைத்துக்கொண்டே கிளம்புங்கள். சமதளம் கிடைக்கும்வரை மெல்ல உருட்டி, கியரில் விட்டு ஹேண்ட் பிரேக் போட்டு, எதிர்மூலை டயருக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். வண்டியைத் தூக்குமுன் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். பலகை மேல் ஜாக்கி. வெறும் மண்ணில் வைத்தால் ஜாக்கி புதையும், வண்டி மேலே போகாது. மாற்றி முடித்து இறக்கியபின் நட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். சரளைக் குலுக்கலில் தளர்ந்திருக்கும்.

அடுத்த ஊரிலேயே பஞ்சர் ஒட்டிவிட வேண்டும். இன்னொரு ஸ்டெப்னி இருக்கிறதே என்று ஒருநாள் தள்ளிப்போடாதீர்கள்.

சோசஸ்வ்லேய் மணலில் சிக்காமல் போவது எப்படி?

சோசஸ்வ்லேய்க்குள் நுழையும் வாசலான செஸ்ரீம் கேட்டிலிருந்து 60 கிலோமீட்டர் தார். கடைசி 5 கிலோமீட்டர்தான் மணல். தார் முடியும் இடத்தில் காற்றை 15, 16க்கு இறக்கி, ஃபோர் வீலில் போட்டு, ஒரே சீரான வேகத்தில், நிற்காமல் போங்கள். ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டாம், முன்னால் போன தடத்திலேயே டயர் தானாகப் போகும். சிக்கினால் ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள். ஒவ்வொரு மிதிக்கும் டயர் இன்னும் கீழே தோண்டும். இறங்கி நான்கு டயருக்கும் முன்னும் பின்னும் மணலை அள்ளி, காற்றை 12 வரை இறக்கி, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். நம்பிக்கை இல்லையென்றால் அங்கிருந்தே ஷட்டில் வண்டி உண்டு. அதில் போவதில் குறைச்சல் எதுவும் இல்லை.

மழைக்காலத்தில் போகலாமா? கடற்கரை ரோடு எப்படி?

ஜனவரியிலிருந்து மார்ச்வரை, வறண்டு கிடக்கும் ஆற்றில் திடீரென்று வெள்ளம் வரும். எங்கோ மலையில் பெய்த மழை, உங்கள் தலைக்கு மேல் வெயில். ஓடும் தண்ணீரில் இறங்கவே கூடாது. கரையில் காத்திருங்கள், பல சமயம் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். முதல் பயணத்துக்கு மே முதல் அக்டோபர்வரை நல்லது.

கடலோர சி34இன் சில பகுதிகள் உப்பு ரோடு. காய்ந்திருந்தால் தார் போலவே இருக்கும். காலைப் பனிமூட்டத்தில் நனைந்தால் சோப்பு தடவியது போல வழுக்கும். வெயில் ஏறும்வரை மெதுவாகப் போங்கள்.

எத்தனை மணிக்குள் வண்டியை நிறுத்த வேண்டும்?

சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு. ஜூனில் விண்ட்ஹூக்கில் மாலை 6.10 வாக்கில் சூரியன் மறையும், சட்டென்று இருட்டும். அந்த நேரத்தில் கூடு என்ற பெரிய மான் வேலியைத் தாண்டிக் குதிக்கும். அது கண்ணாடி வழியே உள்ளே வரும் உயரம். மிருகம் குறுக்கே வந்தால் நேராக பிரேக் போடுங்கள், ஒடிக்காதீர்கள்.

டீசலும் தூரமும் எப்படிக் கணக்குப் போடுவது?

பாதி டேங்க் காலியானால் அடுத்த பங்க்கில் நிரப்புங்கள். 80 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 8, 9 கிலோமீட்டர் என்றால் 650 ஓடும். மணலிலும் ஃபோர் வீலிலும் இது குறையும். சொலிட்டேரிலிருந்து வால்விஸ் பே வரை சுமார் 230 கிலோமீட்டருக்குப் பங்க் கிடையாது. சின்ன ஊர்ப் பங்க்கில் டீசலே தீர்ந்துபோவதும், கார்டு மெஷின் வேலை செய்யாததும் உண்டு. ரொக்கம் வைத்திருங்கள், தென்னாப்பிரிக்க ராண்டும் நமீபிய டாலரும் ஒன்றுக்கு ஒன்று, இரண்டும் செல்லும்.

கூகுள் மேப் காட்டும் நேரத்தை நம்பாதீர்கள். சரளையில் மணிக்கு 60 என்று கணக்குப் போடுங்கள். விண்ட்ஹூக்கிலிருந்து செஸ்ரீம் சுமார் 350 கிலோமீட்டர். பெங்களூருவிலிருந்து சென்னை தூரம்தான், ஆனால் ஒரு முழுப்பகல் வேண்டும். வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள்.

போன் எடுக்குமா? சாட்டிலைட் போன் வாங்கிப் போகலாமா?

எம்டிசி என்ற அந்த ஊர் போன் கம்பெனியின் சிம், ஊர்களிலும் முக்கிய ரோடுகளிலும் எடுக்கும், நடுவில் எடுக்காது. சாட்டிலைட் போன் வேண்டுமென்றால் அங்கேயே வாடகைக்கு எடுத்து அங்கேயே திருப்பிக் கொடுங்கள். இந்தியாவில் அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போனோ, சாட்டிலைட் மெசேஜ் கருவியோ வைத்திருப்பது குற்றம். ஏர்போர்ட்டிலேயே கைது செய்வார்கள்.

சைவச் சாப்பாடு?

விண்ட்ஹூக் சூப்பர் மார்க்கெட்டில் அரிசி, பருப்பு, காய், தயிர் எல்லாம் கிடைக்கும். கூடார வண்டியோடு கேஸ் அடுப்பு தருவார்கள். ஒரு மூன்று லிட்டர் குக்கர், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி கொண்டுபோனால் போதும். தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் என்று வண்டியில் எப்போதும் இருக்கட்டும். அசைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: வடக்கே கால்நடை நோய்த் தடுப்பு வேலி ஒன்று நாட்டின் குறுக்கே ஓடுகிறது. அதன் வடக்கிலிருந்து தெற்கே பச்சை இறைச்சி கொண்டுவர விடமாட்டார்கள். செக்போஸ்ட்டில் ஐஸ்பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள்.

அப்பா அம்மாவைக் கூட்டிப்போகலாமா?

கூட்டிப்போகலாம், ஆனால் திட்டத்தை அவர்களுக்காக மாற்ற வேண்டும். டபுள் கேப்பின் பின்சீட் முதுகு நிமிர்ந்தது. சரளையில் நாலு மணி நேரத்துக்கு மேல் யாருக்கும் இடுப்பு தாங்காது. ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டர் போதும். கூடாரத்தின் ஏணி ஏற வைக்காதீர்கள், அறை எடுங்கள். பெரிய ஆஸ்பத்திரிகள் விண்ட்ஹூக், ஸ்வாகோப்முண்ட், வால்விஸ் பே மாதிரி சில ஊர்களில்தான். மருந்தை முழுப் பயணத்துக்கும் சீட்டோடு எடுத்துப்போங்கள். பயண இன்சூரன்ஸில் விமானத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் செலவு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

போலீஸ் பிடித்தால் என்ன கேட்பார்கள்?

ஊர் எல்லைகளில் செக்போஸ்ட் இருக்கும். ஸ்டாப் பலகையில் முழுதாக நின்று, கையசைத்த பின் நகருங்கள். லைசென்ஸும் பெர்மிட்டும் கேட்பார்கள், பின்சீட்டிலும் பெல்ட் போட்டிருக்க வேண்டும். நான்கு பக்கமும் ஸ்டாப் பலகை உள்ள சந்திப்பில் முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். சந்து கிடைத்தால் நுழையும் நம் பழக்கம் அங்கே விபத்தில் முடியும்.

விபத்து நடந்தால்?

போலீஸ் எண் 10111. சிக்னல் இல்லையென்றால் வண்டியை விட்டு நடந்து போகாதீர்கள். நிழலில், தண்ணீரோடு அங்கேயே இருங்கள், யாராவது வருவார்கள், நிற்காமல் போகவும் மாட்டார்கள். வாடகைக் கம்பெனிக்கு உடனே சொல்லுங்கள், போலீஸ் அறிக்கை எண் இல்லாமல் இன்சூரன்ஸ் நகராது.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் கவனிக்க வேண்டியது?

ஏர்போர்ட் விண்ட்ஹூக்கிலிருந்து 40 கிலோமீட்டருக்கும் மேல் வெளியே இருக்கிறது. பி6 ரோடு தார்தான், ஆனால் ஓரத்துப் புல்லில் காட்டுப்பன்றிகள் மேயும், வழியில் செக்போஸ்ட்டும் உண்டு. முந்தின இரவு நகரத்திலேயே தங்கி, டேங்கை நிரப்பி, பில்லைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியைக் கழுவிய பிறகு பழைய கல்லடிகளை முதல்நாள் போட்டோவோடு ஒப்பிட்டு, ஆள் முன்னாலேயே கையெழுத்து வாங்குங்கள். டெபாசிட் கார்டுக்குத் திரும்ப இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அதுவரை ஒப்பந்தத்தின் நகலைத் தூக்கிப் போடாதீர்கள்.